பாம்புக்கு நான் செய்த இரண்டு பெட்டிகள்

எங்கள் ஊரில் பேக்கிங் பலகை இல்லாத வீடு கிடையாது. கப்பலில் வருகிற இயந்திரங்களைச் சுற்றி அடித்து அனுப்பும் வெளிநாட்டு மரம் அது. கம்பெனியில் பெட்டியைப் பிரித்த பிறகு பலகை மிஞ்சும். அதைக் கேட்டு வாங்கி வந்து கட்டில் செய்வார்கள், கோழிக் கூண்டு செய்வார்கள், குளிக்கிற மறைப்புக்குக் கதவு செய்வார்கள். எங்கள் வீட்டுச் சாமி அலமாரிகூட அந்தப் பலகைதான். லேசான மரம். ஆணி சுலபமாக இறங்கும். அறுத்தால் ஒரு வாசனை வரும், எலுமிச்சையும் டர்பன்டைனும் கலந்த மாதிரி. ஒரகடத்தில் ஒரு கிடங்கில் பெட்டி பிரிக்கிற வேலையில் பல வருடமாக இருக்கிறேன். அந்த வாசனை என் சட்டையிலேயே ஊறிவிட்டது என்று என் மனைவி சொல்வாள்.

அதனால் பாம்புக்கு ஒரு பெட்டி வேண்டும் என்று ஆனபோது எந்த மரத்தில் செய்வது என்று நான் யோசிக்கவில்லை. யோசித்ததெல்லாம் பாம்பைப் பற்றித்தான்.

ஸ்ரீபெரும்புதூர் போகிற வழியில் வெளிநாட்டுக்காரர்கள் குடியிருக்கும் அடுக்குமாடி ஒன்று இருக்கிறது. அங்கே ஒரு கொரியாக்கார அம்மா வீட்டில் என் மனைவி வேலை செய்துகொண்டிருந்தாள். அவர்கள் ஒரு பாம்பு வளர்த்தார்கள். அவர்கள் வெளியூர் போகும்போதெல்லாம் அதற்குத் தண்ணீர் மாற்றுவதும் தீனி வைப்பதும் என் மனைவிதான். ஆரம்பத்தில் வீட்டுக்கு வந்து அதைப் பற்றிப் பேசுவாள். நான் முகம் சுளிப்பதைப் பார்த்துவிட்டுப் பேச்சை நிறுத்திக்கொண்டாள். பாம்பு என்றால் எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஆகாது. டிவியில் பாம்பு வந்தால் காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொள்வேன்.

ஒரு நாள் நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சொன்னாள்.

"மேடம் ஊருக்கே போறாங்க. இனிமே வர மாட்டாங்க."

"உம்."

"பாம்ப எடுத்துக்கினு போவ முடியாதாம். நம்ம வூட்ல வுட்டுட்டுப் போறாங்க."

கையில் எடுத்த சோறு கையிலேயே இருந்தது.

"இன்னாய்யா, ஒண்ணும் சொல்லாம கீற."

"நீ இன்னா சொன்ன அவங்களாண்ட?"

"சரின்னுட்டேன்."

எனக்குச் சட்டென்று பேச வராது. வீட்டிலும் அப்படித்தான், வெளியிலும் அப்படித்தான். எதையாவது சொல்ல வேண்டும் என்றால் முதலில் மனசுக்குள் சொல்லிப் பார்ப்பேன். அது சரியாக வருவதற்குள் எதிரில் இருப்பவர் அடுத்த பேச்சுக்குப் போயிருப்பார். அன்றும் அதுதான் நடந்தது. வேண்டாம் என்பதை எப்படிச் சொல்லலாம் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தபோதே, அது விஷமில்லாத பாம்பு, மலைப்பாம்புக்குச் சொந்தம், ஆனால் கை நீளத்துக்கு மேல் கொஞ்சம்தான் இருக்கும், பயந்தால் கடிக்காது, பந்து மாதிரி சுருண்டுகொள்ளும் என்றெல்லாம் சொல்லி முடித்துவிட்டாள். நம் ஊர்ப் பாம்பை வீட்டில் வைத்தால்தான் குற்றம், இது வெளிநாட்டுப் பாம்பு, அதற்கு வனத்துறைக் காகிதம் இருக்கிறது, அதையும் அவள் பேருக்கு மாற்றித் தருகிறார்கள் என்றும் சொன்னாள்.

"அதுக்கு என்னிய நல்லாத் தெரியும்யா," என்றாள் கடைசியில். "நான் போனா தலையத் தூக்கிப் பாக்கும். வேற யாராண்டயாவது குடுத்தா பயந்து பூடும்."

பெண்ணைக் கட்டிக் கொடுத்த பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அவள் எதையும் கேட்கிறவள் இல்லை. பெட்டி செய்து தருகிறேன் என்றேன். தொடுவதெல்லாம் அவள் பாடு, பெட்டி மட்டும் என் பாடு என்று மனசுக்குள் ஒரு கணக்கு.

அந்த மேடம் வீட்டில் சுவர் அலமாரிக்கே கண்ணாடி போட்டுக் கூண்டாக்கியிருந்தார்கள். அதைக் கழற்றிக் கொண்டுவர முடியாது. பெட்டி எப்படி இருக்க வேண்டும் என்று என் மனைவிக்குப் போனில் படம் காட்டிச் சொல்லியிருந்தார்கள். ஒரு பக்கம் சூடாக இருக்க வேண்டும், ஒரு பக்கம் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். எந்தப் பக்கம் வேண்டுமோ அது போய்ப் படுத்துக்கொள்ளும். இரண்டு பக்கமும் ஒளிந்துகொள்ள இடம் வேண்டும். உடம்பு நனைய ஒரு தண்ணீர்ச் சட்டி. பெயிண்ட், வார்னிஷ் கூடாது. சந்து இருக்கவே கூடாது.

இந்தக் கடைசிப் பேச்சு மட்டும்தான் எனக்குள் போய் உட்கார்ந்தது. அதற்குக் காரணம் உண்டு. அதற்குக் கொஞ்ச நாள் முன்னால் எங்கள் தெருவில் ஒரு சாரைப் பாம்பு வந்தது. ஏரிப் பக்கத்தை எல்லாம் கம்பெனிச் சுவர் சுற்றிக்கொண்டதிலிருந்து அவை தெருவுக்கு வருகின்றன. மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கும் ஆட்கள் நைட் ஷிப்ட் முடிந்து வந்தவர்கள், இரும்புப் பைப்பை எடுத்துக்கொண்டு இறங்கினார்கள். எதிர் வீட்டிலிருந்து கடப்பாரை வந்தது. சாரை யாரையும் ஒன்றும் செய்யாது என்று எல்லோருக்கும் தெரியும். அடித்தார்கள். அது செத்த பிறகும் அடித்தார்கள். நான் வீட்டுக்குள்ளிருந்து ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அன்றைக்கு எனக்குப் பாம்பின் மேல்தான் பயம்.

பெட்டி செய்ய உட்கார்ந்தபோது அந்தப் பயம் வேறு விதமாக வந்தது. இது வெளியே போனால் வெளிநாட்டுப் பாம்பு, காகிதம் இருக்கிறது என்று யாரிடம் சொல்வது? பைப்போடு ஓடி வருகிறவனை நிறுத்தி நான் பேச வேண்டும். என்னால் முடியாது என்று எனக்குத் தெரியும். ஆகவே அது வெளியே வரவே முடியாத பெட்டியாக இருக்க வேண்டும்.

கிடங்கில் கேட் பாஸ் போட்டுப் பலகை கொண்டுவந்தேன். ஒன்றோடு ஒன்று பூட்டிக்கொள்கிற மாதிரி ஓரத்தை இழைத்தேன். முன் பக்கத்துக்கு ஒரு அக்ரிலிக் தகடு. மேலே மூடி, இரண்டு கொண்டி, இரண்டு பூட்டு. காற்றுக்கு ஓட்டை போட வேண்டும் என்று மேடம் சொல்லியிருந்தார்கள். நான் நாலைந்து போட்டேன், அதுவும் ஆணி கனத்துக்கு. அதற்கு மேல் போட எனக்குத் தைரியம் வரவில்லை. பெயிண்ட் வாடை ஆகாது என்றதால் மரத்தைப் பச்சையாகவே விட்டேன். தகட்டைப் பொருத்தும் முன் அந்த வழியாக உள்ளே தலையை விட்டு, மூடியை இறக்கச் சொல்லி, பலகை இடுக்கில் எங்கேயாவது வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்தேன். எங்கும் தெரியவில்லை.

"உனுக்கே பெட்டி செஞ்சிக்கின மாதிரி கீது," என்றாள் என் மனைவி.

பாம்பு தலையணை உறைக்குள் வந்தது. உறையின் வாயை முடிந்து, அதைச் சாப்பாட்டுக் கூடையில் வைத்து, ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்திருந்தாள்.

"பக்கத்துல குந்தினு இருந்தவ, இன்னாக்கா அசையுது, கோழியான்னா. மீனுன்னேன். இன்னா மீனுன்னா. விராலுன்னேன். அதுக்கப்புறம் இறங்கற வரைக்கும் விலை கேட்டுக்கினே வந்தா."

உறையை அவிழ்த்துப் பெட்டிக்குள் விட்டாள். நான் வாசற்படியில் நின்று பார்த்தேன். கறுப்பும் பழுப்புமாக இருந்தது. மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றியது. ஒரு மூலையில் போய்ச் சுருண்டு தலையை நடுவில் வைத்துக்கொண்டது. நான் போய் இரண்டு பூட்டையும் பூட்டினேன். இழுத்துப் பார்த்தேன்.

அன்றிலிருந்து அந்தப் பூட்டுதான் எனக்கு வேலை. காலையில் எழுந்ததும் பூட்டு. வேலைக்குக் கிளம்பும்போது பூட்டு. கிடங்கில் டீ குடிக்கிற நேரத்தில் வெளியே வந்து போன் போட்டு, பூட்டு போட்டியா என்று கேட்பேன். அவள் வேறொரு பிளாட்டில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். அங்கே போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும். பல நாள் மணி அடித்து ஓய்ந்துபோகும். அன்றைக்கு முழுக்க வேலையில் கை இருக்கும், மனசு வீட்டுத் தரையில் ஊர்ந்துகொண்டிருக்கும்.

யாரும் பார்த்துவிடக் கூடாது என்று ஜன்னலையும் சாத்தி வைத்தோம். சித்திரை வெயில். எங்கள் வீடு சிமெண்ட் ஷீட் போட்டது. மேடம் சூடு காட்டும் மீட்டர் ஒன்று கொடுத்திருந்தார்கள். சூடேற்ற ஒரு மெத்தையும் கொடுத்திருந்தார்கள். அந்த மெத்தையைப் பிளக்கில் சொருகவே வேண்டியிருக்கவில்லை. குளிர்ச்சியான பக்கம் எது என்பதுதான் தெரியவில்லை. ஷீட் மேல் சாக்கு நனைத்துப் போட்டேன். வீட்டுக்குள் நுழைந்தாலே எனக்குப் பழக்கமான அந்த மர வாசனை முகத்தில் அடிக்கும். நன்றாகத்தான் இருக்கிறது என்று நினைத்தேன்.

பாம்பு சாப்பிடவில்லை.

அதற்கு எலி. தாம்பரம் பக்கம் ஒரு கடையில் உறைய வைத்து விற்கிறார்கள். வாங்கி வந்து பிஸ்கட் டப்பாவில் போட்டு பிரிட்ஜில் ஐஸ் பக்கம் வைத்திருந்தாள். கீழ்த் தட்டில் இட்லி மாவு. எங்கள் பெண் பேரப்பிள்ளையோடு வந்தால் அந்த டப்பாவை எங்கே ஒளிப்பது என்று எனக்குத் தனியாக ஒரு கவலை. எலியை வெந்நீரில் போட்டு எடுத்து, இடுக்கியில் பிடித்து நீட்டுவாள். அது முகத்தைத் திருப்பிக்கொள்ளும். எலியைக் கொண்டுபோய்க் குப்பையில் ஆழப் புதைத்துவிட்டு வந்து குளிப்பாள்.

"புது எடம். பழகும்," என்றாள். மேடமும் வீடியோவில் அதையேதான் சொன்னார்களாம். இடம் மாறினால் சில வாரம் சாப்பிடாதாம், அவசரப்படக் கூடாதாம்.

வெள்ளிக்கிழமைகளில் மட்டும் அவள் எலியை எடுக்க மாட்டாள். எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை கவிச்சி கிடையாது. காலையில் தலைக்குக் குளித்து, விளக்கேற்றி, சாம்பிராணி போடுவாள். புகை வீடெல்லாம் சுற்றும். பெட்டி மேலும் சுற்றும்.

கொஞ்ச நாள் போனதும் அது படுக்கிற விதம் மாறியது. சுருண்டு கிடக்காமல் தலையை மேலே தூக்கி, மூக்கை மூடியோடு ஒட்டி வைத்துக்கொண்டு மணிக்கணக்காக அப்படியே இருக்கும். வெளியே வரப் பார்க்கிறது என்று நினைத்து நான் மூன்றாவதாக ஒரு கொண்டியும் பூட்டும் வைத்தேன். பிறகு ஒரு சத்தம் கேட்டது. மூக்கு அடைத்த குழந்தை தூங்கும்போது வருமே, அந்த மாதிரி. என் மனைவி பெட்டியில் காதை வைத்துக் கேட்டாள். முகம் வாடிவிட்டது.

"நான் எடுத்துக்கினு வந்திருக்கக் கூடாது," என்றாள். "அது பாட்டுக்கு இருந்திச்சி."

நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். வழக்கம்போல் வார்த்தை வருவதற்குள் அவள் எழுந்து போய்விட்டாள்.

மறுநாள் கிடங்கில் ஒரு கண்டெய்னர் வந்தது. வெளிநாட்டிலிருந்து வரும் கண்டெய்னருக்குள் பூச்சிக்கு மருந்து அடித்து மூடியிருப்பார்கள். அத்தோடு மரம் அத்தனை நாள் வெயிலில் வெந்திருக்கும். கதவைத் திறந்ததும் உள்ளே போகக் கூடாது. சூப்பர்வைசர் ஒவ்வொரு தடவையும் கத்துவதையே அன்றும் கத்தினார்.

"கதவத் தொறந்து வுட்டுட்டு தள்ளி வா. காத்தாடட்டும். உள்ள எவனும் போவாத, தொண்டையப் புடிச்சிக்கும்."

நாங்கள் தள்ளி நிழலில் நின்றோம். உள்ளேயிருந்து சூடாக ஒரு மூச்சு மாதிரி வாசனை வந்தது. பக்கத்தில் நின்றவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். எனக்கும் கண் எரிந்தது. எத்தனையோ வருடமாக அப்படித் தள்ளி நின்றிருக்கிறேன். அன்றுதான் அது என் வீட்டு வாசனை என்று உறைத்தது. மூடிய பெட்டி. பச்சை மரம். மேலே ஷீட் வெயில். ஆணி கனத்தில் நாலைந்து ஓட்டை. நாங்கள் கதவைத் திறந்து காத்திருக்கிறோம். அதற்குக் கதவைத் திறந்துவிட ஆள் இல்லை. திறக்க முடியாதபடி மூன்று கொண்டி வைத்தவன் நான்.

சூப்பர்வைசரிடம் போய் நின்றேன்.

"இன்னா?"

"வூட்டுக்குப் போவணும் சார். ஒடம்பு சரியில்ல."

"உனுக்கா?"

"வூட்ல."

"வூட்லன்னா யாருக்கு?"

நான் தரையைப் பார்த்தேன். அவர் என் மனைவிக்கு என்று எடுத்துக்கொண்டார். போயிட்டு வா, போன் பண்ணு என்றார். அவர் நல்ல மனுஷன். மறுநாள் அவளுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டபோது பரவாயில்லை சார் என்றேன்.

பைக்கில் வரும்போது அவளுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. லாக்கரில் இருக்கும் என்று தெரிந்தும் வீட்டு வாசல் வரை அடித்துக்கொண்டே வந்தேன்.

கதவைத் திறந்தபோது உள்ளே அடுப்புக்குள் தலையை விட்ட மாதிரி இருந்தது. ஜன்னலைத் திறந்தேன். மூன்று பூட்டையும் திறந்தேன். பயத்தில் சாவி மாறி மாறிப் போயிற்று. மூடியைத் தூக்கியதும் கண் எரிந்தது. பலகையில் கணு இருந்த இடமெல்லாம் பிசின் கசிந்து முத்து முத்தாக நின்றது. பாம்பு தலையைத் தூக்கியபடி இருந்தது. வாய் கொஞ்சம் திறந்திருந்தது. என்னைப் பார்த்துச் சுருண்டுகொள்ளக்கூட இல்லை.

அவள் வர மாலையாகும். பக்கத்தில் யாரையும் கூப்பிட முடியாது. கூப்பிட்டால் பைப்போடுதான் வருவார்கள். இடுக்கியை எடுத்தேன். அதைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது, வைத்துவிட்டேன். சாக்கை எடுத்தேன், அதையும் வைத்தேன். சட்டைக் கையைச் சுருட்டி, இறக்கி, மறுபடியும் சுருட்டினேன். அவள் எப்படித் தூக்குவாள் என்று யோசித்துப் பார்த்தேன். தலைப் பக்கம் போக மாட்டாள். நடு உடம்புக்குக் கீழே கையைக் கொடுத்து, சும்மா ஏந்துவாள்.

கையைக் கொடுத்தேன்.

ஈரமாக வழுக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை. காய்ந்து, சுத்தமாக, சொரசொரப்பே இல்லாமல் இருந்தது. சைக்கிள் டியூபில் காற்று இருக்குமே, அந்த மாதிரி உள்ளே ஒரு உறுதி. அது விழாமலிருக்க என் மணிக்கட்டைச் சுற்றிக்கொண்டது. இறுக்கவில்லை, பிடித்துக்கொண்டது. அதை எடுத்தபின் எங்கே வைப்பது என்று நான் யோசித்து வைத்திருக்கவில்லை. அப்படியே ஜன்னல் பக்கம் நின்றேன். அதன் மூச்சுச் சத்தம் என் கையில் தெரிந்தது. உடம்பில் ஒட்டியிருந்த பிசினை ஈரத் துணியால் துடைத்தேன். எவ்வளவு நேரம் அப்படி நின்றேனோ தெரியாது. பிறகு கழுவி வைத்திருந்த பழைய பெயிண்ட் டிரம்மில் அவளுடைய நூல் புடவையைப் போட்டு, அதற்குள் மெதுவாக விட்டேன். மூடியில் இந்தத் தடவை ஓட்டையை எண்ணாமல் போட்டேன். டிரம் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துகொண்டேன்.

அவள் வந்து, வாசலிலேயே நின்று, காலிப் பெட்டியைப் பார்த்தாள். முகம் செத்துப்போயிற்று.

"டிரம்ல கீது," என்றேன்.

"யார் தூக்கனது?"

நான் என் கையைப் பார்த்தேன்.

"நீயா?" என்றாள்.  டிரம்மின் இன்னொரு பக்கம் உட்கார்ந்தாள். நான் கண்டெய்னர் விஷயத்தைச் சொன்னேன். அவள் சாமி அலமாரியைப் பார்த்தாள். பிறகு சாம்பிராணித் தட்டைப் பார்த்தாள். பழியில் அவளும் ஒரு பங்கு எடுத்துக்கொண்டாள் என்று புரிந்தது.

மறுநாள் காலையில் ஊர்க் கால்நடை ஆஸ்பத்திரிக்கு டிரம்மைத் தூக்கிக்கொண்டு போனோம். டாக்டர் மூடியைத் திறந்து பார்த்து உடனே மூடினார்.

"எனக்கு மாடு, ஆடு, கோழி. மிஞ்சிப் போனா நாய்," என்றார். ஆனால் சென்னையில் தெரிந்தவருக்குப் போன் போட்டுச் சொன்னார். அங்கே போனோம். அந்த டாக்டர் ஊசி போட்டார், மருந்து கொடுத்தார். நல்ல வேளையாக நுரையீரல் முழுக்கப் போகவில்லை என்றார். பெட்டியை மாற்றாமல் மருந்து கொடுத்தால் பிரயோஜனமில்லை என்றும் சொன்னார்.

ஒரகடம் கூட்ரோட்டில் ஒரு டீக்கடையில் பழைய கண்ணாடிப் பெட்டி ஒன்று கிடந்தது. வடை, பஜ்ஜி அடுக்கி வைக்கிற பெட்டி. அலுமினிய சட்டம், முன் பக்கம் தள்ளித் திறக்கிற கண்ணாடி. கடைக்காரர் புதுசு வாங்கிவிட்டார். அதைக் கேட்க நான் இரண்டு தடவை போய் டீ மட்டும் குடித்துவிட்டு வந்தேன். மூன்றாம் தடவை கேட்டேன்.

"இன்னாத்துக்குண்ணா, டிபன் கடை போடறியா?"

"இல்ல. மீன் வளக்க."

"இதுல தண்ணி நிக்காதே."

"தண்ணி ஊத்த மாட்டோம்."

அவர் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "தண்ணி இல்லாத மீனா? கருவாடுன்னு சொல்லு," என்றார். கடையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நான் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

எண்ணெய் வாடை போகிற வரைக்கும் வெந்நீர் ஊற்றி ஊற்றித் தேய்த்து வெயிலில் வைத்தோம். பின் பக்கம் முழுக்க எவர்சில்வர் வலை அடித்தேன். தள்ளுகிற இரண்டு கண்ணாடிக்கும் நடுவே ஒரு சந்து இருந்தது. அதில் என் சுண்டு விரல் போயிற்று. சுண்டு விரல் போனால் தலை போகும், தலை போனால் உடம்பு போகும். கார் கதவு ஓரத்தில் போடுகிற ரப்பர் பீடிங் எங்கள் பக்கத்தில் ஸ்கிராப்பில் கிடைக்கும். அதை அந்தச் சந்தில் அழுத்திப் பொருத்தினேன். கண்ணாடிக்கு ஷோகேஸ் பூட்டு ஒன்று, ஒன்றே ஒன்று. கீழே தேங்காய் நார்த்தூள். இரண்டு மண்சட்டியை வாய் ஓரம் உடைத்துக் கவிழ்த்தேன். பெட்டியை வீட்டிலேயே குளிர்ந்த இடமான தண்ணீர்க் குடம் வைக்கிற மூலைக்குக் கொண்டுபோனேன். மீட்டர் அங்கே நல்ல கணக்குக் காட்டியது. சாம்பிராணி வாசலுக்குப் போயிற்று.

மூச்சுச் சத்தம் மெல்ல மெல்லக் குறைந்தது. ஆனால் சாப்பாடு இல்லை. இளைத்துவிட்டது. முதுகெலும்பு வரி மாதிரி தெரிய ஆரம்பித்தது. இன்னும் இளைத்தால் சென்னைக்குக் கொண்டு வாருங்கள், குழாய் வைத்து ஊற்ற வேண்டியிருக்கும், தாங்குமா என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர் போனில். பெங்களூரில் இந்த மாதிரிப் பாம்பு வளர்க்கிற ஒருவர் இருக்கிறார், முடியவில்லை என்றால் அவரிடம் கொடுத்துவிடலாம் என்று மேடம் செய்தி அனுப்பினார்கள். என் மனைவி அதைப் படித்துக் காட்டிவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தாள்.

ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டியதாயிற்று. அதனால் பக்கத்து வீட்டு அக்கா பார்த்துவிட்டார். வாசல் பெருக்கச் சீவக்கட்டை கேட்க வந்தவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். வீட்டில் நான் மட்டும். அவர் குரல் எழுப்பினால் மாடி வீட்டு ஆட்களுக்குக் கேட்கும்.  அவர் செருப்பைக் கழற்றினார். கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"இன்னாண்ணா, நாகாத்தாள வூட்லயே வச்சிக்கினு ஒரு வார்த்த சொல்லல."

"இது அது இல்லக்கா. இது வெளிநாடு."

"எந்த நாடா இருந்தா இன்னா. வெள்ளிக்கெழம பாலும் முட்டயும் எடுத்தாரேன். புத்துக்குப் போறது இனிமே இங்கியே போட்டுடறேன்."

"அது பால் குடிக்காதுக்கா."

"நீ ஊத்திப் பாத்தியா?"

 போகும்போது வாசலில் வெயிலில் கிடந்த என் முதல் பெட்டியைப் பார்த்து, அது சும்மாதானே கிடக்கிறது, கோழிக்கு எடுத்துக்கொள்கிறேன் என்றார். மூடியைக் கழற்றிக் கொடுத்தேன்.

அவர் பால் ஊற்றுவார், மஞ்சள் தூவுவார், இன்னும் நாலு பேரைக் கூட்டி வருவார், கற்பூரம் கொளுத்துவார். பைப்போடு வருகிறவர்களை மட்டும்தான் நான் நினைத்து வைத்திருந்தேன். செம்போடு வருகிறவர்களுக்கு எந்த ரப்பர் பீடிங் போடுவது?

வெள்ளிக்கிழமை வந்தது. சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு என் மனைவி தண்ணீர்க் குடத்தண்டை போனவள் அங்கேயே நின்றுவிட்டாள். கையால் என்னைக் கூப்பிட்டாள். சட்டிக்குள்ளிருந்து அது தலையை நீட்டியிருந்தது. நாக்கு வெளியே வந்து வந்து போயிற்று. மெதுவாக முன்னால் வந்து கழுத்தை எஸ் மாதிரி வளைத்து வைத்துக்கொண்டது. மேடம் வீட்டில் பசித்தால் அப்படித்தான் நிற்கும் என்றாள்.

"இன்னிக்குப் போயி கேக்குதே," என்றாள்.

விளக்கைப் பார்த்தாள். பிரிட்ஜைப் பார்த்தாள்.  சாமி அலமாரியின் திரையை இழுத்து மூடினாள். பிஸ்கட் டப்பாவை எடுத்தாள். அடுப்பில் வெந்நீர் வைத்தாள்.

"நீ வாசல்ல நில்லு. யாரும் உள்ள வரக் கூடாது. சத்தம் கேட்டா மறுபடி உள்ள பூந்துக்கும். அப்புறம் சாப்டவே சாப்டாது."

வாசலில் நின்று கதவைச் சாத்திக்கொண்டேன். நின்ற கொஞ்ச நேரத்தில் பக்கத்து வீட்டு அக்கா வந்தார். தலை நிறையப் பூ, ஒரு கையில் பால் செம்பு, இன்னொரு கையில் தட்டு. பின்னால் இன்னும் இரண்டு பெண்கள். 

"தள்ளுண்ணா. பால வச்சிட்டுப் போயிடறோம்."

நான் மனசுக்குள் ஒத்திகை பார்க்க நேரமில்லை.

"இன்னிக்கு வேணாக்கா," என்றேன்.

"ஏன்?"

"உள்ள சாப்பாடு நடக்குது."

"நீங்க சாப்புடுங்க. நாங்க ஓரமா நின்னுட்டுப் போறோம்."

"நாங்க இல்லக்கா. அது."

அக்கா மூக்கை உறிஞ்சினார். "இன்னாத்த வைக்கறீங்க? கவிச்சி வாட அடிக்குது. வெள்ளிக்கெழமையில."

"அதுக்கு ரொம்ப நாளா வயித்துல ஒண்ணுமில்லக்கா. நான் செஞ்ச பெட்டியாலதான் அதுக்கு முடியாமப் போச்சு. இன்னிக்குதான் வாயத் தொறந்து கேட்டுது. நீ வந்தா பயந்துக்கும். போயிட்டு வாக்கா. பால புத்துலயே ஊத்து, அங்க கேக்கறவங்க இருப்பாங்க."

அவரிடம் அவ்வளவு நீளமாக நான் பேசியதே இல்லை. அக்கா என்னையே பார்த்தார். பின்னால் இருந்த ஒரு பெண் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். நான் கதவிலிருந்து முதுகை எடுக்கவில்லை.

அப்போது உள்ளே கண்ணாடியில் ஏதோ தட்டிய மாதிரி ஒரு சத்தம் கேட்டது. பிறகு ஒன்றுமில்லை. வெகு நேரம் ஒன்றுமில்லை.  பால் செம்பைத் தரையில் வைத்துவிட்டு அக்காவும் காது கொடுத்தார்.

கதவுக்குப் பின்னால் என் மனைவியின் குரல் வந்தது, மெதுவாக, அழுகிறாளா என்று தெரியாத மாதிரி.

"யோவ். எடுத்துக்கிச்சுய்யா."

அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டார். "நல்லா சாப்புடட்டும்," என்று செம்பை எடுத்தார். "அடுத்த வாரம் முன்னாடியே சொல்லிடு. நான் வேற எடம் பாத்துக்கறேன்." மூன்று பேரும் புற்றுப் பக்கம் போனார்கள்.

நான் உள்ளே போனேன். என் மனைவி பெட்டிக்கு எதிரே தரையில் உட்கார்ந்திருந்தாள். அது சட்டிக்குள் போய்விட்டிருந்தது. உடம்பின் நடுவில் ஒரு மேடு மட்டும் வெளியே தெரிந்தது. பக்கத்தில் குனிந்து கண்ணாடிப் பூட்டைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். பூட்டியிருந்தது. ரப்பர் பீடிங்கை விரலால் மேலிருந்து கீழ் வரை தடவிப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. வலைப் பக்கமும் ஒரு முறை போய்க் காற்று வருகிறதா என்று கையை வைத்துப் பார்த்தேன்.